இரு தரப்புக்கும் சாட்சி சொன்ன சேர் சிட்னி ஸ்மித்

சட்ட வைத்தியத் துறையில் உலகப் புகழ் பெற்ற சேர் சிட்னி ஸ்மித்தை இலங்கையர் அறிந்தது, 1953 ஆம் ஆண்டில் கொழும்பில் விசாரிக்கப்பட்ட ஒரு கொலை வழக்கின் மூலமே. அதற்கு முன்னர் அவர் கடந்து வந்த பாதை இங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

1883 இல் நியூசிலாந்தின் றொக்ஸ்பர்க் என்ற சிற்றூரிற் பிறந்த அவர், மருந்தாளராகத் தொழில் பழகிய பின்னரே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்றார். 1917 இல் எகிப்திய அரசின் சட்ட வைத்திய நிபுணரானார். கிணறு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட மூன்று எலும்புகளை மாத்திரம் வைத்துக்கொண்டு, இறந்தவள் கால் ஊனமுற்ற இளம்பெண் என்றும், சுடப்பட்டுச் சில நாட்களின் பின்னரே மாண்டாள் என்றும் அவர் கூறியது பிரசித்தமானது. 1924 இல் சூடான் ஆளுநர் நாயகம் சேர் லீ ஸ்டாக் கெய்ரோவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ரவைகளிற் பதிந்திருந்த கீறல்களைக் கொண்டு, கைப்பற்றப்பட்ட துப்பாக்கியை இனங்கண்டவரும் அவரே.

எனினும், 1928 இல் எடின்பரோவில் பேராசிரியரான பின்னர் அவர் தோற்ற வழக்கொன்றையே நாம் முக்கியமாகக் கருதுகின்றோம். தாயைக் கழுத்து நெரித்துக் கொன்றதாக சிட்னி ஃபொக்ஸ் என்பவர் 1930 இல் குற்றஞ்சாட்டப்பட்டார். குரல்வளையில் கன்றிய காயம் ஒன்றைத் தாம் கண்டதாக அரச தரப்பு நிபுணர் சேர் பேர்னாட் ஸ்பில்ஸ்பரி சாட்சியமளித்தார். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அதே குரல்வளையைப் பரிசோதித்த ஸ்மித், அங்கு காயமெதுவும் இல்லை என்றார். அது அழுகி மறைந்துவிட்டது என்பது ஸ்பில்ஸ்பரியின் பதில். வேறெவரும் பார்க்க முடியாத காயத்தை ஜூரர்கள் நம்பினர், ஃபொக்ஸ் தூக்கிலிடப்பட்டார். அவர் நல்லவரல்லர் என்பது வேறு விடயம். சான்றை மறுதரப்பும் சோதிக்க இயலாதபோது அதனை விஞ்ஞானம் என்றழைப்பது எங்ஙனம்?

1951 ஒக்டோபரில் பம்பலப்பிட்டி இல்லத்தில் மனைவி கொலையுண்டு கிடந்த வழக்கில், புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் மகாதேவன் சதாசிவம் எதிரியானார். அவர் வீட்டை விட்டுச் சென்ற பின்னரா, அதற்கு முன்னரா மரணம் நிகழ்ந்தது என்பதே பிரதான வினா. சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாட, ஸ்மித் எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கூண்டேறினார். ஜூரர்கள் சதாசிவத்தை விடுவித்தனர். எமது நீதிமன்றங்களில் வந்து நிற்கும் ஏழை எதிரிகளுக்கோ, எடின்பரோ கிடக்கட்டும், உள்ளூர் நிபுணர் ஒருவரையேனும் அழைக்க வழியில்லை.

அதே 1953 இல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஸ்மித், 1969 இல் காலமானார்.