பாவ்லா அல்ல, பாவ்லோவா

சாரல் தொடங்கிவிட்டால் நம் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் பேரன் பேத்திகள் ஐந்தருவியில் குளித்து, பிரானூரில் பரோட்டா சாப்பிட்டு முடித்த கையோடு, இனிப்புக்கு என்ன என்று போனைத் தடவுவார்கள். திரமிசு, பானகோட்டா, க்ரெம் ப்ரூலே என்று வாயில் நுழையாத பெயர்களாக வந்து விழும். அந்த வரிசையில் பாவ்லோவா என்று ஒன்றும் இருக்கும். நீங்கள் அதைப் பாவ்லா என்று சொல்லி, பிள்ளைகளிடம் கேலிக்கு ஆளாகியிருக்கலாம். அவர்கள் நடுவில் உள்ள லோ-வை இழுத்துச் சொல்வதும் ஆங்கிலேயர் பழக்கம்தான். ரஷ்யர்கள் முதல் எழுத்தான பா-வில்தான் அழுத்தம் கொடுப்பார்கள். ஆகவே தயங்காமல் சொல்லுங்கள்.

அது ஓர் ஆளின் பெயர். அந்த ஆளுக்கும் நம் குழந்தைகள் மாலையில் தட்டும் தைய தையவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அன்னா பாவ்லோவா 1881 பிப்ரவரியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். தாயார் துணி வெளுத்துப் பிழைத்தவர். நோஞ்சான் குழந்தை என்பதால் லிகோவோ என்ற கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். ரஷ்யர்கள் பெயருக்கு நடுவில் தகப்பனார் பெயரைச் சேர்ப்பார்கள். வளர்ப்புத் தந்தையின் பெயர் மத்வே. அதன்படி மத்வேயெவ்னா என்று இருந்ததை, மேடைக்கு வந்தபின் பாவ்லோவ்னா என்று மாற்றிக்கொண்டார். பல வருடம் வங்கியில் கையெழுத்துச் சரிபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் கவுண்டரில் அந்த அம்மாளுக்குக் கணக்குத் திறப்பது பெரும்பாடாக இருந்திருக்கும்.

சிறுமியாக இருக்கும்போது தாயார் மரின்ஸ்கி அரங்குக்கு அழைத்துப் போய், உறங்கும் அழகி என்ற பாலே நாட்டியத்தைக் காட்டினார். இதையே ஆடுவது என்று குழந்தை முடிவு செய்துவிட்டது. அரசு நாட்டியப் பள்ளியில் முதலில் சேர்க்கவில்லை. 1891-ல், பத்து வயதில்தான் இடம் கிடைத்தது. ஒல்லி உடம்பு, மெலிந்த கணுக்கால், வில்லாக வளைந்த பாதம். சக மாணவிகள் துடைப்பம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நுனிக்காலில் நிற்க அந்தப் பாதம் தாங்கவில்லை என்பதால், காலணியின் அடியில் கெட்டித் தோலை வைத்துக்கொண்டார். அப்போது அதைக் குறுக்குவழி என்று பேசியவர்களும் உண்டு. இன்றைய பாலே காலணிக்கு அதுவும் ஒரு முன்னோடி.

1899-ல் படிப்பு முடிந்தது. 1906-ல் மரின்ஸ்கியின் முதன்மை நர்த்தகி. ஃபோகின் என்பவர் அவருக்கென்றே அமைத்த சாகும் அன்னம் சில நிமிடமே ஓடும் நடனம். உயிர் பிரியும் அன்னம் சிறகு மடங்கிச் சரிவதை அவர் வாழ்நாளெல்லாம் ஆடிக்காட்டினார். 1912-ல் லண்டனில் வாங்கிய வீட்டின் குளத்தில் நிஜ அன்னங்களையே வளர்த்தார். பிறகு சொந்தக் குழுவோடு கப்பலிலும் ரயிலிலும் உலகம் சுற்றினார்.

1922-ல் இந்தியாவுக்கும் வந்தார். நம் நாட்டின் கதைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. மறுவருடமே லண்டனில், ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதயசங்கரைத் துணைக்கு வைத்து ராதா கிருஷ்ணன் நடனத்தை அரங்கேற்றினார். அடுத்த முறை, 1928-ல் பம்பாயில் அவர் ஆடியதைப் பார்த்தவர்களில் ருக்மிணி தேவி அருண்டேல் ஒருவர். மதுரையில் பிறந்தவர், அப்போது இருபத்து நான்கு வயது. பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்ய நேர்ந்தது. ருக்மிணி தேவிக்குப் பாலே கற்க ஆசை. பாவ்லோவா தம் குழுவில் இருந்த கிளியோ நோர்டியைக் கொண்டு கற்பிக்க ஏற்பாடு செய்தார். ஆனால் உன் நாட்டுக் கலையில் தேடிப் பார் என்ற யோசனையையும் கூடவே கொடுத்தார். உலகப் புகழின் உச்சியில் இருப்பவர், தம்மைப் போல ஆட விரும்பி வந்த பெண்ணை வேறு பக்கம் திருப்பிவிடுவது லேசான காரியம் அல்ல.

1931 ஜனவரி 23-ம் தேதி, ஹாலந்தின் ஹேக் நகரில், நுரையீரல் உறையில் ஏற்பட்ட அழற்சியால் பாவ்லோவா காலமானார். ஐம்பது வயது நிறைய மூன்று வாரம் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்செய்ய வேண்டும். பரதநாட்டியத்தை மீட்ட புண்ணியம் முழுவதையும் அந்தக் கப்பல் பயணத்தின் கணக்கில் வரவு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நியாயம் இல்லை. சதிர் என்று அழைத்து இழிவாகப் பேசப்பட்ட காலத்திலும் அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் தேவதாசிப் பெண்களும் நட்டுவனார்களும். அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் ஈ. கிருஷ்ண ஐயர், நம் செங்கோட்டை–திருநெல்வேலி ரயில் தடத்தில் இருக்கும் கல்லிடைக்குறிச்சியில் பிறந்த வக்கீல். பெண் வேடம் கட்டித் தாமே சதிர் ஆடிக்காட்டியவர். பாவ்லோவா மறைந்த அதே 1931-ன் மார்ச்சில், சென்னை மியூசிக் அகாதமியில் கல்யாணியின் மகள்கள் ஆடியதற்குப் பின்னால் இருந்தவரும் அவரே. 1933-ல் அந்தச் சகோதரிகள் மீண்டும் ஆடியபோதுதான் ருக்மிணி தேவி பார்த்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935-ல் அடையாறில் மேடையேறினார். 1936-ல் கலாக்ஷேத்திரா பிறந்தது. கௌரி அம்மாள் பெயரில் எந்தப் பலகாரமும் இல்லை.

பாவ்லோவா பெயரில் இருக்கும் பலகாரத்துக்கோ இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடுகின்றன. 1926-ல் அவர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் போயிருந்தார். பெர்த் நகர எஸ்பிளனேடு ஹோட்டலில் பெர்ட் சாக்ஸ் என்ற சமையல்காரர் 1935-ல் செய்ததே அசல் என்பது ஆஸ்திரேலியர் கட்சி. அதற்கு முன்பே, 1920-களின் கடைசியிலேயே எங்கள் சமையல் குறிப்புகளில் வந்துவிட்டது என்பது நியூசிலாந்தார் கட்சி. ஆவணங்கள் நியூசிலாந்துக்கே சாதகமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. பெர்த்தில் அது தயாரானபோது அந்த அம்மாள் இறந்து நான்கு வருடம் ஆகிவிட்டது.

பண்டம் நமக்கு அந்நியம் அல்ல. தூத்துக்குடி மக்ரூன் சாப்பிட்டிருக்கிறீர்கள் அல்லவா? முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, மிதமான சூட்டில் உலர்த்தும் அதே வேலைதான். மக்ரூனுக்கு முந்திரித்தூள், இதற்குக் கொஞ்சம் வினிகரும் சோளமாவும். வினிகர் நுரை சரியாமல் பிடித்துக்கொள்ளும். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அதன்மேல் அடித்த கிரீமும் புளிப்பான பழமும். முட்டை தொடாதவர்கள் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை நுரைக்க அடித்தும் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை. சாரல் அடிக்கும் நாளில் செய்யாதீர்கள். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்து, மொறுமொறுப்பு போய்ப் பிசுபிசுக்கும். செய்தே தீர வேண்டுமானால், அடுப்பை அணைத்தபின் உள்ளேயே ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். குற்றாலத்தில் வாங்கிய மங்குஸ்தானை உரித்து, கிரீமோடு பரிமாறும் நேரத்தில் மட்டும் மேலே வைக்கவும்.