ஜார்ஜ் டி ஹெவெசி

ஜார்ஜ் டி ஹெவெசி (ஆகஸ்ட் 1, 1885 – ஜூலை 5, 1966) அங்கேரியில் பிறந்த வேதியியலாளர் ஆவார். கதிரியக்க அணுக்களைச் சுவடுகாட்டிகளாகக் கொண்டு, உடலினுள் ஒரு பொருள் செல்லும் வழியை அறியும் முறையை உருவாக்கினார். இதற்காக 1943 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. அணு மருத்துவத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக இம்முறை விளங்குகிறது.

வாழ்க்கைக் குறிப்பு

புடாபெஸ்ட் நகரில் பிறந்த ஹெவெசி, 1908 இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1911 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1923 இல் டிர்க் கோஸ்டருடன் இணைந்து ஹாஃப்னியம் என்னும் தனிமத்தின் கண்டுபிடிப்பை அறிவித்தார். யூத வழியினரான இவர், நாஜிக்களின் பிடியிலிருந்த டென்மார்க்கை விட்டு 1943 இல் சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். ஃபிரைபர்க்கில் காலமானார்.

சுவடுகாட்டி முறை

ஈயத்துடன் கலந்திருந்த ரேடியம்-டி என்னும் கதிரியக்கப் பொருளைப் பிரித்தெடுக்கும் பணியை ரதர்ஃபோர்டு இவரிடம் ஒப்படைத்தார். நெடுநாள் முயன்றும் இயலவில்லை. ரேடியம்-டி என்பது ஈயத்தின் ஓரிடத்தானே (ஐசோடோப்பு) என்பது பின்னர் தெளிவாயிற்று. ஒரு தனிமத்தின் ஓரிடத்தான்கள் வேதிப்பண்பில் ஒத்தவை என்பதால் அவற்றை வேதிமுறையில் பிரிக்க முடியாது.

பிரிக்க முடியாத பொருள் ஈயம் செல்லும் இடமெல்லாம் உடன் செல்லும் என்பதை ஹெவெசி உணர்ந்தார். அதன் கதிர்வீச்சை அளந்தால் ஈயம் எங்கே, எவ்வளவு உள்ளது என அறியலாம். 1913 இல் வியன்னாவில் ஃபிரீட்ரிக் பனெத்துடன் இதைச் சோதித்தார். 1923 இல் அவரை இனச் செடிகள் ஈயத்தை உறிஞ்சும் விதத்தை இம்முறையால் ஆராய்ந்தார்.

ஈயம் நச்சுத்தன்மை உடையது. எனவே விலங்குகளில் இச்சோதனையை விரிவாகச் செய்ய இயலவில்லை. 1934 இல் ஐரீன் ஜோலியோ-கியூரியும் பிரெடெரிக் ஜோலியோ-கியூரியும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்ததும் இத்தடை நீங்கியது. 1935 இல் ஹெவெசி பாஸ்பரஸ்-32 ஐ எலிகளுக்கு அளித்து ஆராய்ந்தார். எலும்பிலுள்ள பாஸ்பரஸ் தொடர்ந்து வெளியேற, புதியது அவ்விடத்தை நிரப்புவது புலனாயிற்று. எலும்பு மாறாத பொருள் என்னும் எண்ணத்தை இது மாற்றியது.

மருத்துவப் பயன்கள்

சாதாரண அயோடினுக்கும் கதிரியக்க அயோடினுக்கும் தைராய்டு சுரப்பி வேறுபாடு காண்பதில்லை. எனவே அயோடின்-131 தைராய்டு நோய்களைக் கண்டறியவும் குணப்படுத்தவும் உதவுகிறது. இதன் அரைவாழ்வுக் காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைவுறும் காலம், சுமார் 8 நாட்கள். எலும்பு, இதயம் ஆகியவற்றைப் படம்பிடிக்கப் பயன்படும் டெக்னீசியம்-99எம் இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 6 மணி நேரமே. ஆகையால் சோதனை முடிந்தபின் நோயாளியின் உடலில் கதிரியக்கம் விரைவாகக் குறைந்துவிடுகிறது.