குழலை நீட்டியவர்

டி.என். ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது 1898-ல். சின்ன வயசுலேயே அப்பா போயிட்டார். திருவாவடுதுறை மடத்து நாதஸ்வர வித்வானான மாமா நடேச பிள்ளைதான் வளர்த்தார். பையன் முதலில் கத்துக்கிட்டது வாய்ப்பாட்டு. குரு திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர். பாட்டு உள்ளே இறங்கிய பிறகுதான் நாதஸ்வரம்.

அந்தக் காலத்துத் திமிரி நாயனம் குட்டை, சுருதி உச்சம். தோடியை நிதானமா விரிக்க அது போதலை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியை நீளமான பாரி நாயனம் கடைய வைத்தார். குழல் நீண்டால் சுருதி இறங்கும், நம்ம பிசிக்ஸ்தான்!

நாயனக்காரர் வெறும் உடம்போடு நின்றே வாசிக்கணும்னு இருந்த வழக்கத்தையும் விடலை. கோட்டு போட்டு மேடையில் உட்கார்ந்து வாசித்தார். 1947-ல் சுதந்திரத்துக்கு டெல்லியில் ஒலித்ததும் அவர் நாதம்தான்.

1956 டிசம்பரில் மறைந்தார். நம்ம நெய்வேலி நிறுவனம் பதிவானது அதுக்கு முந்தின மாசம். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு போனா, தவிலைத் தாண்டி நாயனத்தையும் கொஞ்சம் நின்னு கேளுங்க.