குழந்தைத் தோட்டம் கண்ட புரோபெல்

கிண்டர்கார்ட்டன் என்னும் சொல்லைக் கேளாதார் நம்முள் அரியர். ஜெர்மானிய மொழியில் அதற்குக் குழந்தைத் தோட்டம் என்பது பொருள். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள மதலையர், ஏடும் பிரம்பும் இன்றி, ஆடியும் பாடியும் அறிவு பெறும் இடத்துக்கு அப்பெயரை இட்டவர் பிரெடரிக் புரோபெல் என்னும் பெரியார். பெயரை அறிந்தார் பலராயினும் இட்டவரை அறிந்தார் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜெர்மனியின் நடுவே காடும் மலையும் செறிந்த துரிங்கியா நாட்டில், ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில், 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் புரோபெல் பிறந்தனர். தந்தையார் லுத்தரன் சபைக் குருவானவர். ஓராண்டு நிறையுமுன் குழந்தை தாயை இழந்தது. சபைப் பணி மிகுதியால் தந்தையார்க்கு வீட்டை நோக்க நேரம் வாய்த்திலது. சிற்றன்னையார் முதலில் அன்பு பாராட்டினர். தம் வயிற்றில் ஒரு மகன் பிறந்ததும் அவ்வன்பு மாறிற்று. அதுகாறும் நீ என்று அழைத்தவர், அதன்பின் அயலானைச் சுட்டுவதுபோல் அச்சிறுவனை நேரே நோக்கியும் படர்க்கையிலேயே பேசுவாராயினர். இலக்கணம் பயிலும் நமக்குப் படர்க்கை மூவிடத்துள் ஒன்று, அவ்வளவே. தாயற்ற சிறுவனுக்கோ அது தன்னை வீட்டுக்கு வெளியே நிறுத்திய சொல்லாயிற்று. முதுமையிலும் அவர் அதனை மறந்திலர்.

விளையாட்டுத் தோழர் இன்றித் தனித்து வளர்ந்த அச்சிறுவன், ஒருகால் அண்மையிலிருந்த தேவாலயத்தைப் பழுது பார்த்த தொழிலாளரைச் சாளரத்தின் வழியே கண்டனன். தானும் அவ்வாறு கட்ட விரும்பி வீட்டிற் கிடைத்த தட்டுமுட்டுகளை அடுக்கினன். அவை அவன் கைக்கு அடங்காமற் சரிந்தன. குழந்தையின் கைக்கு அளவான கட்டடப் பொருள்கள் வேண்டும் என்னும் எண்ணம் அன்றே தம் உள்ளத்தில் முளைத்ததாகப் பிற்காலத்தில் அவர் கூறுவதுண்டு. முளை மரமாவதற்கோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடப்போம். பத்தாம் வயதில் தாய்மாமன் வீட்டில் ஐந்தாண்டு இன்பமாய்க் கழிந்தது. பின் காட்டதிகாரி ஒருவரிடம் தொழில் பயின்றனர். யேனாப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்து, கடன் தீர்க்க வகையின்றி அக்கழகத்துச் சிறையில் ஒன்பது வாரம் கிடந்தனர். அதன்பின் எத்தொழிலிலும் நிலைத்திலர். கட்டடக்கலை பயிலுவோம் என்று 1805-ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகர் சென்றவரை, ஆங்கொரு பள்ளித் தலைவர் ஆசிரியராக அமர்த்தினர். வகுப்பில் நின்ற முதல் நாளே தம் தொழில் இதுவே எனத் தெளிந்தனர். சுவிட்சர்லாந்தில் யிவெர்டன் நகரில் கல்வி நெறிக்குப் புத்துயிர் அளித்துவந்த பெஸ்டலோட்சி என்னும் முதியவரிடம் 1808 முதல் 1810 வரை தங்கிக் கற்றனர். 1813-இல் நெப்போலியனை எதிர்த்த தொண்டர் படையிற் சேர்ந்தனர். ஆங்குக் கிடைத்த நண்பர் இருவர், லாங்கெத்தால், மிட்டெண்டார்ப் என்பார். பின் பெர்லினில் கனிப்பொருட் காட்சிச்சாலை ஒன்றில் பளிங்குக் கற்களை வகைப்படுத்தும் பணி பார்த்தனர். சதுரமும் முக்கோணமுமாய் ஒழுங்குற்று வளரும் அக்கற்களிலே இறைவன் கைத்திறத்தைக் கண்டு வியந்தனர். அவ்வியப்புப் பின்னர் மரக்கட்டைகளாக உருப்பெற்றது.

தமையனார் ஒருவர் இறந்து அவர் மைந்தர் தந்தையற்றவராகவே, பல்கலைக் கழகப் பதவியை நாடாது, 1816-ஆம் ஆண்டு தம் உடன்பிறந்தார் மக்கள் ஐவரைக் கொண்டு ஒரு பள்ளி தொடங்கினர். மறுவருடம் அது கைல்ஹௌ என்னும் ஊருக்கு மாறிற்று. 1826-இல் மனிதனின் கல்வி என்னும் பெருநூலை வெளியிட்டனர். அரிய நூலே, ஆயினும் நடை கரடுமுரடானது. சொல்லவந்ததைத் தெளிவுறச் சொல்லும் ஆற்றலும், வரவு செலவு பார்க்கும் ஆற்றலும் அவருக்கு வாய்த்தில என்பதை மறைத்தல் வேண்டா.

1835-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் புர்க்டார்ப் நகரத்து அநாதைச் சாலையை மேற்பார்க்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பள்ளிக்கு வருமுன்னரே குழந்தையின் மனம் பாதி அமைந்துவிடுகின்றது என்பதை ஆங்கே தெளிந்தனர். ஊர் திரும்பி 1837-இல், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் மதலையர்க்கென ஒரு நிலையம் கண்டனர். அதற்கு ஏற்ற பெயர் தோன்றாது வருந்தியவர், நண்பருடன் மலைவழியே நடந்து கீழே பள்ளத்தாக்கை நோக்கிய பொழுது, குழந்தைத் தோட்டம் என்னும் பெயர் திடீரெனத் தோன்றிற்று என்பர். 1840-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் அப்பெயர் உலகறிய வழங்கப்பட்டது.

அத்தோட்டத்தில் நிகழ்ந்தது யாது? குழந்தைகள் முதலிற் கைகோத்து வட்டமாய் நின்று பாடி ஆடுவர். வட்டம் புறாக்கூடு ஆகும். நடுவில் நிற்போர் புறாக்கள். கூடு திறந்ததும் அவை பறந்து வெளியே சுற்றும். மீண்டு வந்து தாம் கண்டவற்றைக் கூறும். ஓடுதல், காத்திருத்தல், பிறர் சொல்வதைக் கேட்டல், கண்டதைச் சொல்லாக்கல் ஆகிய இத்தனையும் ஒரு விளையாட்டில் அடங்கின. பின்னர்ச் சிறு மேசைகளின் முன் அமர்வர். அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களுக்குக் கொடைகள் என்பது பெயர். முதற் கொடை, வெவ்வேறு நிறக் கம்பளி நூலால் ஆன ஆறு மென்பந்துகள். இரண்டாவது, மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம். மூன்றாவதே குழந்தைகள் பெரிதும் விரும்பியது. ஒரு கனசதுரம் எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பகுக்கப்பட்டுப் பெட்டியில் அடைபட்டிருக்கும். பெட்டியைக் கவிழ்த்து, மூடியை உருவி, மெல்லத் தூக்கினால், எட்டும் ஒன்றாகவே நிற்கும். குழந்தை அதனைப் பிரிக்கும். நாற்காலி ஆகும், படிக்கட்டு ஆகும், கிணறு ஆகும்.

இவ்விடத்து அவர் விதித்த நெறி இரண்டு. ஒன்று கட்டி முடித்ததைத் தட்டிச் சிதறாமல், ஒரு கட்டையை ஈண்டும் ஒரு கட்டையை ஆண்டும் மாற்றியே அடுத்ததை ஆக்கல் வேண்டும். எந்தக் கட்டையும் பயனின்றி ஒதுங்கிக் கிடத்தலாகாது. வீடு கட்டியபின் ஒன்று எஞ்சினால் அது வாயிற் படியாகவேனும், அருகிலுள்ள மரமாகவேனும் அவ்வீட்டைச் சார்தல் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எட்டும் ஒன்றாகிப் பெட்டிக்குள் புகும். பாதி, கால், அரைக்கால் என்பனவற்றைக் குழந்தை எவரும் கற்பியாமலே கையால் அறிந்துவிடும். வீட்டின் மூலையில் ஒதுக்கப்பட்டு வளர்ந்தவர் எந்தக் கட்டையும் ஒதுங்கலாகாது என்று விதித்ததை எண்ணுந்தோறும் எம் உள்ளம் உருகுகின்றது.

காகிதம் மடித்தல், கீற்றுகளைப் பாய்போல் முடைதல், ஊறிய பட்டாணியிற் குச்சிகளைச் செருகி உருவமைத்தல், களிமண் பிசைதல் ஆகிய கைவேலைகளும் உண்டு. தோட்டம் என்பது வெறும் உவமையன்று; மெய்யாகவே தோட்டம் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி. அனைவர்க்கும் பொதுவாக வேறு பாத்திகள். தன் பாத்திக்கு நீர் விட மறந்த குழந்தைக்கு வாடிய செடியே ஆசிரியன்.

பந்தைக் கண்ட குழந்தை அதன் உருண்டையிலே உலகின் ஒருமையை உணரும் என்று அவர் நம்பியதை யாம் ஒப்புதற்கில்லை. குழந்தை பந்தில் பந்தையே காணும். அவர்க்குப் பின் வந்தோருட் சிலர், கட்டையை எடு, வை, திருப்பு என்று ஆணையிட்டு ஆட்டத்தையும் பாடமாக்கிக் கெடுத்ததும் உண்மை. அது நிற்க.

இத்தோட்டங்களைப் பேணப் பெண்களே தக்கார் எனக் கருதி, இளம் பெண்களைப் பயிற்றத் தொடங்கினர். 1848-இல் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் இதனைக் கேட்ட பலர் நகைத்தனர். மறுவருடம் லீபன்ஸ்டைன் ஊரில், நரைத்த தலையோடு கிராமத்துக் குழந்தைகளுடன் குதித்தாடிய அவரை ஊரார் பித்தர் என்றனர். அவ்வாறு கேள்வியுற்று, நேரிற் காணச் சென்ற மாரென்ஹோல்ட்ஸ் பூலோ என்னும் சீமாட்டியார் அன்று முதல் அவர்க்குத் துணையாயினர்.

1851-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், பிரஷிய அரசினர் தம் நாட்டிற் குழந்தைத் தோட்டங்களைத் தடை செய்தனர். அவை நாத்திகமும் சமவுடைமையும் புகட்டுவன என்பது குற்றச்சாட்டு. தமையனார் மகன் கார்ல் புரோபெல் எழுதிய ஒரு சிறு நூலைக் கண்டு, இருவரையும் ஒருவராக மயங்கினர் அமைச்சர். இறைவனைக் காட்டவே மரக்கட்டையைக் கையிற் கொடுத்தவர் மீது இறைவனை மறுத்த பழி! பிழை எடுத்துக்காட்டப்பட்ட பின்னரும் ஆணை மாறவில்லை; மன்னர்க்கு விடுத்த விண்ணப்பமும் பயன்படவில்லை. 1852-ஆம் ஆண்டு கோத்தா நகரில் ஆசிரியர் மாநாட்டிற்குள் அவர் நுழைந்தபோது அவையினர் அனைவரும் எழுந்து நின்றனர். அதன்பின் சில நாளே சென்றன. ஜூன் 21-ஆம் நாள் மரியன்தால் என்னுமிடத்தில், எழுபதாம் வயதில், தடை நீங்காமலே உயிர் நீத்தனர்.

ஷ்வைனா என்னும் ஊரில் அவர் கல்லறை உளது. அதன்மேல் கனசதுரம், அதன்மேல் உருளை, அதன்மேல் கோளம் எனக் கல்லால் அமைத்திருக்கின்றனர். சீமாட்டியார் அயல்நாடுகள் பலவற்றிற்குச் சென்று அவர் நெறியைப் பரப்பினர். 1856-இல் ஷூர்ஸ் அம்மையார் அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்னும் ஊரிலே ஒரு தோட்டம் தொடங்கினர். பிரஷியத் தடை 1860-இல் நீங்கிற்று. அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்னர் அவரை மணந்த லூயிசா அம்மையார், ஹாம்பர்க் நகரில் ஆசிரியைகளைப் பயிற்றி, 1900-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தனர்.