பணிவும் மனச்சான்றும்: புனித தாமஸ் மூர்



அதிகாரத்தில் இருப்பவர்களை நாம் பெரும்பாலும் இரண்டு விதமாக நடத்துகிறோம். நேரில் கைகட்டி நின்று புகழ்கிறோம். அவர்கள் நகர்ந்ததும் இழிவாகப் பேசுகிறோம். பெற்றோர், ஆசிரியர், மேலாளர், பங்குத்தந்தை, ஊர்த்தலைவர் என யாரையும் நாம் விட்டுவைப்பதில்லை. முகத்துதியும் புறங்கூறுதலும் மரியாதை ஆகுமா? உண்மையாக மதிப்பது எப்படி, எதுவரை பணிவது? இக்கேள்விகளுக்கு, ஜூன் 22 அன்று நாம் நினைவுகூரும் புனித தாமஸ் மூரின் வாழ்க்கை விடை தருகிறது.

இவர் 1478ஆம் ஆண்டு இலண்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜான் மூர் சட்டம் கற்றவர், பின்னாளில் நீதிபதியானார். மகனும் சட்டம் பயின்றார். இளமையில் கார்த்தூசியன் துறவிகளோடு சேர்ந்து செபித்து வந்தாலும், இல்லறமே தம் அழைத்தல் என்று தெளிந்து திருமணம் செய்து, நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையானார்.

அரசர் எட்டாம் ஹென்றி இவர்மீது மிகுந்த நம்பிக்கை வைத்தார். 1523இல் மூர் நாடாளுமன்றத்தின் சபாநாயகரானார். அப்போது, உறுப்பினர்கள் அச்சமின்றித் தங்கள் மனத்தில் பட்டதைப் பேச அனுமதிக்க வேண்டும் என்று அரசரிடமே பணிவோடு விண்ணப்பித்தார். சொல்ல வேண்டியதை உரியவரிடமே மரியாதையோடு சொல்பவர் அவர்.

1529இல் அரசருக்கு அடுத்த நிலையில் இருந்த லார்டு சான்சலர் பதவி அவருக்குக் கிடைத்தது. அவருடைய நீதிமன்றமும் அவர் தந்தையின் நீதிமன்றமும் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலேயே இருந்தன. தம் இருக்கைக்குச் செல்லும் வழியில் தந்தை அமர்ந்திருப்பதைக் கண்டால், எல்லார் முன்னிலையிலும் முழந்தாளிட்டு அவருடைய ஆசியைக் கேட்பாராம். பதவியில் மகன் பெரியவர். ஆனாலும் தந்தை தந்தைதான்.

செல்சியில் இருந்த தம் பங்குக் கோயிலில் அவர் பாடகர் குழுவில் நின்று பாடுவார். ஒருநாள் அதைக் கண்ட நார்ஃபோக் பிரபு, இது அரசருக்கே இழிவு என்று கடிந்துகொண்டார். அரசருக்கும் ஆண்டவரான கடவுளுக்குச் செய்யும் பணி அரசருக்கு இழிவாகாது என்பதே மூரின் பதிலாக இருந்தது.

சோதனை விரைவில் வந்தது. அரசி கேத்தரினோடு செய்த திருமணம் செல்லாது என்று அறிவிக்கும்படி ஹென்றி கேட்டார்; திருத்தந்தை இசையவில்லை. அதனால் இங்கிலாந்துத் திருச்சபையைத் தம் ஆட்சியின்கீழ் கொண்டுவர அரசர் முனைந்தார். 1532 மே 16 அன்று மூர் பதவி விலகினார். வருமானம் சுருங்கியது, குடும்பம் சிக்கனமாக வாழ நேர்ந்தது. ஆயினும் அரசரை அவர் தூற்றவில்லை; எவரையும் அவருக்கு எதிராகத் தூண்டவுமில்லை.

1534இல் வாரிசுரிமைச் சட்டத்தின்படி உறுதிமொழி கேட்கப்பட்டது. அரசருக்குப் பின் யார் ஆள்வது என்று முடிவுசெய்ய நாடாளுமன்றத்திற்கு உரிமை உண்டு என்பதை மூர் ஏற்றார். ஆனால் திருத்தந்தையின் அதிகாரத்தை மறுக்கும் அந்த உறுதிமொழியை எடுக்க அவருடைய மனச்சான்று இடம் தரவில்லை. உறுதிமொழி எடுத்தவர்களை அவர் பழிக்கவும் இல்லை. இலண்டன் கோபுரச் சிறையில் 14 மாதங்களுக்கும் மேல் அடைபட்டிருந்தார். இணங்கிப் போகும்படி அன்பு மகள் மார்கரெட் மன்றாடியபோதும் அவர் அசையவில்லை.

1535 ஜூலை 1 அன்று விசாரணை நடந்தது. தந்தையின் முன் முழந்தாளிட்ட அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் குற்றவாளியாக நின்றார். மரண தண்டனை விதித்த நீதிபதிகளை அவர் சபிக்கவில்லை. ஸ்தேவானின் கொலைக்கு உடன்பட்ட பவுலும் ஸ்தேவானும் இன்று விண்ணகத்தில் ஒன்றாக இருப்பதுபோல், தாமும் அவர்களும் அங்கே மகிழ்ந்து சந்திக்க வேண்டும் என்று வேண்டினார். ஜூலை 6 காலையில், கொலைமேடையில் அதிகம் பேச வேண்டாம் என்று அரசரிடமிருந்து செய்தி வந்தது. பேச எண்ணியிருந்தவர் அதற்கும் பணிந்தார். சில சொற்களோடு முடித்து, அரசருக்காகச் செபிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டு உயிர் துறந்தார்.

திருத்தந்தை 11ஆம் பயஸ் 1935இல் இவரைப் புனிதராக அறிவித்தார். 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரை அரசியலாளர்களின் பாதுகாவலர் ஆக்கினார். மாற்றுக் கொள்கையினரிடம் மூர் காட்டிய கடுமையில் அவர் காலத்தின் குறைகள் இருந்ததையும் அவர் மறைக்கவில்லை.

அதிகாரத்திற்குப் பணிவது பற்றித் திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் பேசுகிறது. திருத்தூதர் பணிகள் 5ஆம் அதிகாரத்திலோ, மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு துணிந்து நிற்கிறார். இரண்டும் முரண்பட்டவை அல்ல என்பதை மூர் வாழ்ந்து காட்டினார். கடவுளுக்காக மறுத்த இடம் ஒன்றே. மற்ற எல்லாவற்றிலும் பணிந்தார்.

நம் நிலை என்ன? பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் வாய்மூடி எழுதிவிடுகிறோம். நேரத்திற்கு வேலைக்கு வரச் சொன்னால் முணுமுணுக்கிறோம். மறுக்க வேண்டிய இடத்தில் பணிகிறோம், பணிய வேண்டிய இடத்தில் எதிர்க்கிறோம். இதை மாற்றுவோம். வயது முதிர்ந்த பெற்றோரிடம் இன்று ஆசி கேட்போம். மேலாளரிடம் உள்ள குறையைத் தேநீர்க் கடையில் பேசாமல் அவரிடமே கனிவோடு சொல்வோம். தவறானதைச் செய்யச் சொன்னால், வெறுப்பின்றி மறுத்து, அதன் விளைவையும் ஏற்போம். நம்மை ஆள்வோருக்காக நாள்தோறும் செபிப்போம்.

புனித தாமஸ் மூரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!