தந்தை வாளுக்குப் பலியான பார்பரா
சிவகாசி, சாத்தூர் பக்கத்தில் மின்னல் வெட்டினால், பட்டாசு ஆலையில் வேலையை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும். மருந்து மீது இடி விழுந்தால் உயிர் தப்ப முடியாது.

ஐரோப்பாவிலும் வெடிமருந்துத் தொழிலாளர்களுக்கு இதே பயம் இருந்தது. தங்களைக் காப்பாற்றும்படி அவர்கள் ஒரு பெண்ணை வேண்டிக்கொண்டார்கள். அவள் பெயர் பார்பரா. கிறிஸ்தவர்கள் போற்றும் புனிதவதி.

கோபுரச் சிறை

பார்பரா சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் நிக்கோமீடியா நகரில் வாழ்ந்ததாகக் கதை சொல்கிறது. துருக்கி நாட்டில் உள்ள அந்த ஊருக்கு இப்போது இஸ்மித் என்று பெயர்.

தந்தை தியோஸ்கோரஸ் பெரிய பணக்காரன். மகள் பேரழகி. யார் கண்ணிலும் படாதபடி அவளைக் கோபுரத்தில் அடைத்து வைத்தான்.

ஒரு தடவை அவன் வெளியூர் போனான். புதிய குளியல் அறைக்கு 2 ஜன்னல் வைக்கச் சொல்லி இருந்தான். பார்பராவோ 3 ஜன்னல் வைக்கச் செய்தாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவருக்கும் அவை அடையாளம்!

திரும்பி வந்த தந்தைக்கு உண்மை புரிந்தது. மகள் கிறிஸ்தவள் ஆகிவிட்டாள். வாளை உருவினான். அவள் ஓடி ஒளிந்தாள். ஆடு மேய்ப்பவன் ஒருவன் காட்டிக் கொடுத்துவிட்டான்.

அதிகாரிகள் சித்ரவதை செய்தார்கள். பார்பரா மனம் மாறவில்லை. மரண தண்டனை விதித்தார்கள். பெற்ற தந்தையே மகளின் தலையை வெட்டினான். வீடு திரும்பும் வழியில் மின்னல் தாக்கிக் கருகிச் செத்தான்.

கையில் கோபுரம்

பார்பரா வாழ்ந்ததற்குச் சரித்திர ஆதாரம் இல்லை. எனவே 1969-ம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியில் இருந்து அவள் திருநாளை நீக்கியது. ஆனாலும் டிசம்பர் 4-ந்தேதி சுரங்கத் தொழிலாளர்களும் பீரங்கிப் படையினரும் அவளுக்கு விழா எடுக்கிறார்கள்.

15-ம் நூற்றாண்டுச் சிற்பிகள் அவளை மரத்தில் செதுக்கி வர்ணம் பூசினார்கள். அழகிய பெண் சிலையின் கையிலோ, பக்கத்திலோ சிறு கோபுரம் இருக்கும். அதில் 3 ஜன்னல் இருந்தால், அவள்தான் பார்பரா! எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கண்டுகொண்டார்கள்.

ஸ்பெயின் நாட்டில் கப்பலின் வெடிமருந்து அறைக்கே ‘சாந்தா பார்பரா’ என்று பெயர் வைத்தார்கள்.

இடிதாங்கி

1769-ல் இத்தாலியின் பிரெசியா நகரில் வெடிமருந்துக் கிடங்கு மீது இடி விழுந்தது. ஏராளமான மக்கள் மாண்டார்கள். அதற்குள் பெஞ்சமின் பிராங்ளின் இடிதாங்கியைக் கண்டுபிடித்திருந்தார். அந்தக் கிடங்குக்கு அது இல்லை.

மின்னலைக் கண்டதும் வேலையை நிறுத்துவதும், இடிதாங்கியைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் மனிதன் கையில் இருக்கிறது. பட்டாசு ஆலைக்குப் போன தாய் மாலையில் வீடு திரும்ப வேண்டாமா?