சென்னையின் பெருந்தச்சர்: நம்பெருமாள் செட்டியாரின் வாழ்வும் பணியும்

முன்னுரை

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எழுப்பிய தச்சனின் பெயர், வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று அக்கோயிற் கல்வெட்டிலேயே இடம்பெற்றுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மரபோடு ஒப்பிடுகையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் எழுந்த பெருங்கட்டடங்களின் வரலாறு குறைவுடையதாகவே தோன்றுகிறது. அவற்றைப் பற்றிய எழுத்துகள் இராபர்ட் சிசோம், ஹென்றி இர்வின் முதலிய வடிவமைப்பாளர்களை முதன்மைப்படுத்துகின்றன. வரைபடத்தைக் கட்டடமாக்கிய ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியாரோ (1856–1925) பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறார். அவரது பணியின் தன்மையையும் கொடையுள்ளத்தையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிற்பணி

தெலுங்கு பேசும் வணிகர் குடியில் தோன்றிய நம்பெருமாள் செட்டியார், அரசுக் கட்டடங்களை ஒப்பந்த அடிப்படையில் கட்டித்தரும் தொழிலில் சிறந்து விளங்கினார். 1883இல் அடிக்கல் நாட்டப்பெற்று, சிசோமின் வடிவமைப்பில் உருவான விக்டோரியா பொது மண்டபம் அவர் கட்டியதாகும். 1892ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் திறக்கப்பெற்ற உயர்நீதிமன்றம், அதனையடுத்துள்ள சட்டக்கல்லூரி, 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம், சென்னை வங்கிக்கென எழுந்து இன்று பாரத ஸ்டேட் வங்கிக்குரியதாக விளங்கும் மாளிகை, 1909இல் திறக்கப்பெற்ற விக்டோரியா நினைவு மண்டபம் ஆகியவையும் அவரது பணிகளாகும். அரசு அவருக்குத் திவான் பகதூர் பட்டம் வழங்கியது. சென்னையில் மோட்டார் வண்டி வைத்திருந்த முதல் இந்தியர் என்றும் அவர் குறிப்பிடப்படுகிறார்.

செங்கல் தரும் சான்று

சென்னையின் பழைய மாளிகைகள் பளபளக்கும் சுண்ணச் சாந்துப் பூச்சுக்குப் பெயர்பெற்றவை. பூச்சு, சுவரின் குறைகளை மறைக்க வல்லது. உயர்நீதிமன்றம் போன்ற கட்டடங்களிலோ செங்கல் பூச்சின்றி வெளித்தெரிகிறது. ஒவ்வோர் இணைப்பும் பார்வைக்குப் புலப்படுவதால் கல்லின் அளவு, சூளையின் பதம், கொத்தனாரின் கைத்திறன் ஆகிய அனைத்தும் ஒருசேர அமைதல் வேண்டும். வளைவுகளும் குவிமாடங்களும் மிகுந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் இத்தேவை மேலும் கூடுகிறது. பொருள் திரட்டுதல், கொத்தர், தச்சர், கல்தச்சர் ஆகியோரை ஒருங்கிணைத்தல், தரம் பேணுதல் ஆகியவை ஒப்பந்தக்காரரின் பொறுப்புகளாகும். ஆகவே அப்பாணியின் வெற்றியில் அவருக்கும் பெயரறியப்படாத அத்தொழிலாளர்க்கும் உரிய பங்கு உண்டு.

சேத்துப்பட்டும் இராமானுசனும்

படப்பையிலிருந்து தாம்பரம் வந்து, மின்தொடர் வண்டியில் கடற்கரை நோக்கிச் செல்வோர் எழும்பூருக்கு முன்னர்ச் சேத்துப்பட்டைக் கடக்கின்றனர். அங்கே செட்டியார் பெருநிலம் வாங்கினார். பல மாளிகைகளுக்கு உரிமையாளராகவும் விளங்கினார். அவ்வீடுகள் தொண்ணூற்றொன்பது என்பது செவிவழிச் செய்தி.

அவரது கொடையுள்ளத்துக்குச் சிறந்த சான்றும் சேத்துப்பட்டிலேயே அமைந்தது. இங்கிலாந்திலிருந்து 1919இல் நோயுற்றுத் திரும்பிய கணித மேதை சீனிவாச இராமானுசன், கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கியபின் 1920 தொடக்கத்தில் சென்னைக்கு அழைத்துவரப்பட்டார். அவர் தங்குவதற்குச் செட்டியார் தம் வீட்டை அளித்தார். கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு மாக் தீட்டா சார்புகளைப் பற்றி இராமானுசன் கடிதம் எழுதியது அவ்வாண்டு சனவரியில்தான். ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் வயதில், சேத்துப்பட்டிலேயே அவர் மறைந்தார். இறுதி மாதங்களிலும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. அக்காலத் தாள்கள் 1976இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டறியப்பட்டு, இன்றும் ஆராயப்படுகின்றன. அவற்றை உருவாக்கிய உள்ளத்திற்கு நிழலளித்தவர் என்னும் சிறப்பு செட்டியாருக்கு உண்டு.

முடிவுரை

விக்டோரியா பொது மண்டபத்தில் விவேகானந்தர் 1897இல் உரையாற்றினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களை நடத்தியது. சென்னையின் அறிவு, கலை, நீதி ஆகிய வாழ்வின் கூறுகள் நம்பெருமாள் செட்டியார் எழுப்பிய கூரைகளின்கீழ் வளர்ந்தன. கட்டடக்கலை வரலாறு வடிவமைத்தவரோடு நின்றுவிடாமல் கட்டியவரையும் உள்ளடக்கும்போதுதான் நிறைவுறும். குஞ்சரமல்லனுக்குத் தஞ்சைக் கல் அளித்த இடத்தை நம்பெருமாள் செட்டியாருக்கு ஆய்வுலகம் அளித்தல் வேண்டும்.